புதிதாகக் கத்தரி பிடிப்பவர்களுக்கு

பிள்ளைகளே, சென்னையின் மேற்குப் பக்கத்தில் வளர்கிறவர்களுக்குத் துணித் தொழில் கண் முன்னால் நடக்கிற சங்கதி. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில் ஏற்றுமதி உடை தைப்பார்கள். ஓ.சி.எஃப். என்று ஊரார் சொல்லும் ஆவடி படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961இலிருந்து ராணுவத்துக்குத் தைத்துக் கொடுக்கிறது. பூந்தமல்லி வரை எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், வாசல் அறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் ஒரு அக்கா இருப்பார்.

நான் பழைய துணிகளை ஒட்டியும் தைத்தும் சித்திரம் செய்கிறவள். என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் இரண்டு கேள்விகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அடுத்தவர் டிசைனைப் பார்த்துத் தைப்பது தப்பா? வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய துணியை என்ன செய்வது? இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் எண்ணம். ஒரு துணிக்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று அறிந்தவர் அதைத் திருடவும் மாட்டார், குப்பையில் எறியவும் மாட்டார். அந்த அறிவு வருவதற்கான வழிகளை எண் போட்டு எழுதுகிறேன்.

1. துணியோடு பழகிய பிறகு மெஷினில் உட்காருங்கள்

எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் கரையைத் தேடுங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. பாவு வாக்கில் இழுத்தால் துணி விறைப்பாக நிற்கும். ஊடை வாக்கில் கொஞ்சம் இளகும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும். சட்டையின் உடல் பாகத்தை ஏன் பாவு வாக்கில் வெட்டுகிறோம், கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பட்டியை ஏன் மூலைவாட்டில் வெட்டுகிறோம் என்பது இந்த மூன்று இழுப்பிலேயே விளங்கிவிடும்.

அடுத்து, ஓரத்திலிருந்து நாலு இழை உருவுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். நெருப்பை விலக்கியதும் தானாக அணைந்து, நசுக்கினால் பொடியாகிற கரி உருண்டை மிஞ்சும். பாலியஸ்டர் உருகும், ஆறிய பின் நகத்தால் உடைக்க முடியாத மணியாக இறுகிவிடும். ரேயானும் பருத்தி மாதிரியே எரியும். அங்கே குழப்பம் வந்தால் இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த பருத்தி வலுக்கும். நனைந்த ரேயான் சட்டென்று அறுந்துபோகும். இவ்வளவு தெரிந்தவர் தலையில் யாரும் பாலியஸ்டரைப் பட்டென்று சொல்லிக் கட்ட முடியாது.

2. ஒரு நல்ல சட்டையைப் பிரித்துப் பாருங்கள்

எழும்பூர் பாந்தியன் சாலையில் காட்டன் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் சொல்லும் கடைவரிசைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் அங்கே கிடைக்கும். ஏற்றுமதி ரகச் சட்டை ஒன்று வீட்டிலேயே நைந்து கிடந்தால் இன்னும் நல்லது. அதைத் தையல் தையலாகப் பிரியுங்கள்.

பக்கவாட்டுத் தையலில் பிசிறே தெரியாது. இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து அதன் மேல் இரட்டைத் தையல் ஓடியிருக்கும். காலரைப் பிரித்து, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வையுங்கள். நன்றாகத் தைத்த சட்டையில் மேல் துண்டு நூலளவு பெரிதாக இருக்கும். அதனால்தான் தையல் ஓரம் அடியில் உருண்டு மறைகிறது, காலர் நுனி மேலே சுருளாமல் படிகிறது. கையின் மேல் வளைவை டேப் வைத்து அளந்து, பிறகு அக்குள் வளைவை அளந்து பாருங்கள். கை வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலை அமுக்கித் தைத்திருப்பதால்தான் கை தோளின் உருண்டைக்கேற்பப் படிகிறது.

பிரித்ததைக் காகிதத்தில் வரைந்து, மலிவுத் துணியில் அதே மாதிரி தைத்துப் பாருங்கள். இதுவும் நகல்தான். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். சங்கீத வகுப்பில் குருவின் வாயிலிருந்து வருவதை அப்படியே பாடித்தானே தொடங்குகிறோம். கற்பதற்காக எடுத்த நகலை விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உங்களுக்கு இருக்கட்டும்.

3. தோற்றத்தை விட்டுவிட்டுச் செய்முறையைப் பிடியுங்கள்

சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயம் ஏற்றிய பருத்தித் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை ஆட்டிவைத்தன. வெளுத்துத் துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் அங்கே ஈடில்லை. உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்றப் பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டம் கொண்டுவந்தது. தடை ஒரு பக்கம் இருக்க, நகலெடுக்கும் முயற்சி இன்னொரு பக்கம் நடந்தது. பூவையும் கொடியையும் பார்த்து வரைய அவர்களுக்கு ஆள் இருந்தார்கள். நிற்கிற சாயம் மட்டும் கைவரவில்லை.

அதற்காகச் செய்முறையைத் தேடி இங்கே வந்தார்கள். போலியூ என்ற பிரெஞ்சுக்காரர் 1730களில் புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிவைத்துக் குறிப்பெழுதினார். கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1742இல் இதையே நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த நீரில் துணியை நனைத்து உலர்த்தினால், பாலின் கொழுப்பு எழுதிய கோட்டைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். படிகாரம் தொட்ட இடத்தில்தான் சாயவேரின் சிவப்பு ஒட்டும். நீலத்தில் முக்கும்போது மற்ற இடங்களை மெழுகு காக்கும். இதெல்லாம் எழுத்தில் ஏறிக் கடல் கடந்தது. 1760இல் ஓபர்காம்ப் என்பவர், பாரிஸ் பக்கத்திலுள்ள ஜூயி என்ற ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார்.

இதில் உங்களுக்கு இரண்டு பாடம் உண்டு. படத்தைப் பார்த்துச் செய்தவர்கள் தடுமாறினார்கள், செய்முறை அறிந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே ஒரு பூவேலை பிடித்திருந்தால் அது எந்த இழையில், எந்தச் சாயத்தில், எந்த வரிசையில் வந்தது என்று கேளுங்கள். இரண்டாவது பாடம் கசப்பானது. அந்தச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்த நம் சாயக்காரர்களின் பெயர் ஊருக்குத் தெரியாது. எழுதியவர் பெயர்தான் நின்றது.

4. மூலத்தின் பெயரைச் சொல்லுங்கள், நகலுக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். விரலால் தடவினால் கிள்ளிய இடத்தில் மெல்லிய மேடு தட்டும். அச்சில் போட்ட புள்ளிகள் ஒரே அளவில், தட்டையாக, வரிசை பிசகாமல் நிற்கும். அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று சொல்லி விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அது எளியவர்களுக்கும் எட்டுகிற விலையில் வருகிறது. அதைக் கைமுடிச்சு என்று சொல்லும்போதுதான், முடிச்சுப் போட்ட பெண்ணின் கூலியைப் பறிக்கிறோம்.

காஞ்சிபுரத்துக் கோர்வையும் அப்படியே. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வலது கரை, உடல், இடது கரை என மூன்று நாடா. தறியில் இரண்டு பேர் வேலை. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூலும், அதன் மேல் வெள்ளிக் கம்பியும் தெரிய வேண்டும். சுங்குடியும் காஞ்சிப் பட்டும் 2005–06இலேயே புவிசார் குறியீடு பெற்றவை.

பெரிய பெயர்களும் இதில் சறுக்கும். 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பை அச்சாக ஒத்த செருப்பை மேடையேற்றியது. கோலாப்பூரின் பெயரை எங்கும் சொல்லவில்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது இந்தியக் கைவினைஞர்களின் மரபிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது. பெயரைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

5. சட்டத்தையும் ஓரளவு தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

ஆவடிக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று வீரர்கள் புதிய போர்க்கள உடையில் அணிவகுத்தார்கள். நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் உருவாக்கிய உடை அது. சிறுசிறு சதுரங்களாலான டிஜிட்டல் கோலம், 70 பங்கு பருத்தியும் 30 பங்கு பாலியஸ்டரும் கலந்த துணி, கால்சட்டைக்குள் செருகாமல் வெளியே விட்டு அணியும் மேல்சட்டை. ராணுவ உடையைப் போலவே தைத்த நகல்கள் திறந்த சந்தையில் கிடைப்பது நாட்டின் பாதுகாப்புக்கே கேடு. அதனால் ராணுவம் இந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவு செய்தது. 2022 அக்டோபர் 21 தேதியிட்ட காப்புரிமை அலுவலக இதழில் பதிவு வெளியானது. 10 ஆண்டு உரிமை, வேண்டுமானால் இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

அந்தப் பதிவுக்கு வழிசெய்த 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உங்களுக்கும் உண்டு. உங்கள் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். ஊருக்குக் காட்டுவதற்கு முன்பே பதிய வேண்டும். பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதை நீங்களோ உங்கள் அனுமதியோடு வேறொருவரோ இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அதன் மேல் உங்களுக்கிருந்த பதிப்புரிமை முடிந்துவிடும். இந்த 50 என்ற எண்ணை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விசாரிக்க வெகுதூரம் போக வேண்டாம். கிண்டியில் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் இருக்கிறது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான்.

6. படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்றால் முகம் சுளிக்காதீர்கள்

நாகரிகம் ஒருவரைப் பார்த்து ஒருவர் உடுத்துவதில்தான் பரவுகிறது. 1985இல் "பூவே பூச்சூட வா" படம் வந்தபோது நதியா கம்மல், நதியா உடை என்று ஊரே அலைந்தது. 2005இல் சந்திரமுகி சேலை வந்தது. இப்போது போனில் படம் எடுத்து வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தனக்குப் பிடித்த ஒருத்தியைப் போல ஒருநாள் தோன்ற வேண்டும் என்ற ஆசையை மதியுங்கள்.

படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் உனக்கு எது பிடித்தது கண்ணு?" என்று கேளுங்கள். கழுத்தின் வெட்டா, கையின் நீளமா, நிறமா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. படத்தில் நிற்பவள் அளவு வேறு, உங்கள் முன்னால் நிற்பவள் அளவு வேறு. அவள் குளிரூட்டிய அறையில் நிற்கிறாள். இவள் சித்திரை வெயிலில் திருவேற்காட்டுக் கோவிலில் கல்யாணத்துக்கு நிற்கப்போகிறாள். வெல்வெட் கேட்டால், கழுத்துப் பட்டிக்கு மட்டும் வெல்வெட் வைத்து உடலைப் பருத்தியில் தைத்துக் கொடுங்கள். உடம்புக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றும் அந்த இடத்தில்தான் உங்கள் கை வேலை செய்யத் தொடங்குகிறது.

7. வெட்டும் முன் துண்டுகளைப் பரப்பிப் பாருங்கள்

பெரிய கம்பெனிகளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் என்னும் வெட்டு வரைபடம் போட்டு வெட்டுவார்கள். கெட்டிக்கார மார்க்கர் போட்டாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கட் பீஸாகப் போவது சாதாரணம். அந்தத் துண்டுகள் எடைக்குப் போய், பட்டறையில் எண்ணெய்க் கை துடைக்கும் வேஸ்ட் துணியாகின்றன. திருப்பூர்ப் பனியன் கழிவைப் பிய்த்து மறுபடி நூலாக நூற்கும் ஆலைகள் மேற்கு மாவட்டங்களில் உண்டு. ஆனாலும் பிய்த்த இழை குட்டையாகிவிடும், பழைய வலு திரும்பாது.

ஆகவே முதல் சிக்கனம் கத்தரியில்தான். காகிதத் துண்டுகளைத் துணிமேல் பரப்பி, திருப்பி, இடுக்கில் பொருத்தி, இனி முடியாது என்னும்வரை பார்த்துவிட்டு வெட்டுங்கள். பாவு வாக்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மிஞ்சும் முக்கோணங்களில் பைக்குள் வைக்கும் அடித்துணி, பொத்தான் பட்டி, கயிறு, குஞ்சம் எல்லாம் வரும். புடவையும் வேட்டியும் ஒரு துண்டுகூட வெட்டாமல் உடம்பைச் சுற்றி உடையாகின்றன. துணியை வீணாக்காத வடிவமைப்பு என்று உலகம் இன்று தேடுவது நம் கொடியில் உலர்ந்துகொண்டிருக்கிறது.

8. பழைய துணிக்கு ஒரு வரிசை உண்டு, அதைத் தாண்டாதீர்கள்

நம் பாட்டிகள் எந்தத் துணியையும் ஒரே தாவலில் கரித்துணி ஆக்கியதில்லை. புடவை முந்தானையில் நைந்தால், நல்ல பாகம் மகளுக்குத் தாவணி, பாவாடை. கரை தனியே பிரிந்து வேறொரு பாவாடையில் ஏறும். நாலு வருடம் துவைத்து மெத்தென்றான பருத்திப் புடவை பேரனுக்குத் தூளி. பிறகு தலையணை உறை, குழந்தைக்கு இடுப்புத் துணி, அடுப்படியில் கரித்துணி. பழைய வேட்டி கடைசியில் விளக்குக்குத் திரி.

இந்த வரிசைக்குள் நல்ல கணக்கு இருக்கிறது. பெரிதாகப் பயன்படும்வரை சிறிதாக வெட்டக் கூடாது. வெட்டிய துணி மறுபடி சேராது. துவைக்கத் துவைக்கப் பருத்தி மென்மையாவதால், குழந்தையின் தோலுக்குப் புதுத்துணியைவிடப் பழசே உகந்தது. நைந்த பட்டைத் தூளிக்குக் கட்டாதீர்கள். மடிப்பில் திடீரென்று கீறிவிடும். நல்ல சரிகை உள்ள பட்டை எடைக்குப் போடுமுன் விசாரியுங்கள். அதிலுள்ள வெள்ளிக்கு விலை உண்டு. பாத்திரக்காரரிடம் துணி போட்டு எவர்சில்வர் வாங்குவதைப் பழங்காலப் பழக்கம் என்று ஒதுக்காதீர்கள். அவர் கைக்குப் போகும் துணி பிரிந்து, தைக்கப்பட்டு, இன்னொருவர் உடம்பைச் சேர்கிறது.

2022இல் ஃபேஷன் ஃபார் குட் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் ஆண்டுதோறும் சேரும் துணிக்கழிவு ஏறத்தாழ 78 லட்சம் டன் என்றது. அதில் பாதிக்கு மேல் எப்படியாவது மறுபடி பயனுக்கு வருகிறது. அந்தப் பாதியைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பாத்திரக்காரர், பழைய துணி வியாபாரி, ஒட்டுத் தையல்காரர். அவர்கள் தொழிலை மரியாதையோடு பேசுங்கள்.

9. கலாபரிப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்

நகல், மறுபயன், கலை மூன்றும் ஒரே துணியில் சேர்ந்த கதை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையின் கட்டம் போட்ட பருத்தித் துணி "மெட்ராஸ் கைக்குட்டை" என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போனது. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெய்யும் லுங்கிக் கட்டங்களுக்கு அது நெருங்கிய உறவு. நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் அதற்கு இஞ்சிரி என்று பெயர் வைத்தார்கள்.

வாங்கிய துணியை அந்தப் பெண்கள் அப்படியே உடுத்தவில்லை. பிளேடோ பேனாக்கத்தியோ எடுத்து, கட்டங்களுக்குள் ஓடும் வெளிர் இழைகளில் சிலவற்றை மட்டும் நுனியால் தூக்கி, அறுத்து, உருவி எடுத்தார்கள். ஒரு இழை தவறினாலும் துணி ஓட்டையாகிவிடும். உருவிய இடமெல்லாம் சன்னமாகி வெளிச்சம் புகுந்தது. விட்ட இடத்தில் அடர்ந்த கோலம் எழுந்தது. நம் தறியில் நெய்த கட்டம் அவர்கள் கையில் வேறு கட்டமாகிப் பிறந்தது. பெலேட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். குடும்பத்தின் ஈமச்சடங்கு உள்ளிட்ட பெரிய நிகழ்ச்சிகளில் அதற்குத் தனி மதிப்பு. ஜோன் ஐக்கர், டோன்யே எரெகோசிமா என்ற ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வெளியிலிருந்து வந்த ஒன்றை ஒரு சமூகம் தன்னுடையதாக்கிக்கொள்ளும் முறை என்று விளக்கினார்கள்.

நெய்தவர் கையையும் அறுத்தவர் கையையும் அந்தத் துணி சேர்த்துக் காட்டுகிறது. ஒருவர் வேலையை எடுத்து நீங்கள் வேலை செய்யும்போது உங்கள் பங்கு இந்த அளவுக்குத் தெரிய வேண்டும். நைந்த லுங்கி ஒன்றை எடுத்து, நாலு விரற்கடை இடத்தில் இழை உருவிப் பாருங்கள். வெறும் கட்டம் என்று நினைத்த துணியில் எத்தனை நிற இழைகள் என்ன கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

10. கொடுக்கும் துணியைத் துவைத்து, மடித்துக் கொடுங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. அழுக்கும் கிழிசலுமாக வந்ததை உடைமை இழந்த மக்கள்கூடத் தொடவில்லை. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, மிஞ்சிய அந்தத் துணிகளைச் சேர்த்துத் தரம் பிரித்துப் பயனாக்கியது. கிழிந்த பருத்தியைக்கூட மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

கொடுக்குமுன் பொத்தான் அறுந்திருந்தால் வைத்துத் தையுங்கள். ஜிப் ஓடுகிறதா பாருங்கள். பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுங்கள். வாங்கிக்கொள்பவர் மறுநாளே அதை உடுத்திக்கொண்டு தலைநிமிர்ந்து வெளியே போகும்படி இருக்க வேண்டும். அப்படிச் செய்ய முடியாத துணியை வீட்டிலேயே கரித்துணி ஆக்குங்கள்.

11. சாயத் தண்ணீரைத் தெருக் கால்வாயில் ஊற்றாதீர்கள்

பத்திக், முடிச்சுச் சாயம் எல்லாம் வீட்டிலேயே கற்கலாம். மிஞ்சும் சாயத் தண்ணீர்தான் கவலை. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நம் பக்கத்திலும் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதற்கு எதிராக மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராடியிருக்கிறார்கள். ஒரே சாயத்தில் அடர்நிறம் வேண்டிய துணியை முதலிலும் வெளிர்நிறம் வேண்டியதைப் பிறகும் முக்கினால், சாயம் ஏறக்குறைய முழுதும் துணியிலேயே தீர்ந்துவிடும். தேவைக்கு மேல் கரைக்காமல் அளந்து கரையுங்கள்.

12. தைத்த கைக்கு உரிய கூலி கொடுங்கள், நீங்களும் கேட்டு வாங்குங்கள்

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். உலகம் முழுவதும் மலிவு விலையில் உடுத்திய சட்டைகளைத் தைத்த கைகள் அவை. மலிவு என்றால் யாரோ ஒருவர் தன் பங்கை இழந்திருக்கிறார் என்று பொருள்.

ஆரி வேலை செய்த பிளவுஸ் கேட்டு வருபவர், கடையில் தொங்கும் மெஷின் எம்பிராய்டரியைக் காட்டி விலை பேசுவார். கோபப்பட வேண்டாம். பிளவுஸைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டுங்கள். கொக்கி ஊசி ஒவ்வொரு மணியையும் எங்கே இழுத்துப் பிடித்திருக்கிறது, நூல் எங்கே முடிச்சுப் போட்டு நிற்கிறது என்று விளக்குங்கள். எத்தனை நாள் ஃபிரேமுக்கு முன் குனிந்து உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். உங்களிடம் உதவிக்கு வரும் பெண்ணுக்கும் இதே கணக்கில் கொடுங்கள்.

பிழைப்புக்குச் செய்யும் தையல் தாழ்ந்தது, கலைக்குச் செய்யும் தையல் உயர்ந்தது என்று பிரிக்காதீர்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பத்திக் துணிகள் செய்து விற்றுச் சோறு தேடிக்கொண்டேதான் ஓவியம் வரைந்தார்கள்.

13. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்

கோடு போடாத நோட்டு ஒன்று வாங்குங்கள். நீங்கள் தொட்ட ஒவ்வொரு துணியிலும் இரண்டு விரல் அகலத் துண்டு அதில் ஒட்டப்பட வேண்டும். பக்கத்தில் இழை எது, எங்கே நெய்தது, சாயம் நின்றதா, துவைத்தபின் எவ்வளவு சுருங்கியது என்று எழுதுங்கள். ஒரு வடிவத்தைப் பார்த்துக் கற்றிருந்தால் யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து என்று எழுதுங்கள். பக்கத்துத் தெரு டெய்லர் அண்ணன் ஒரு மடிப்பைச் சொல்லிக்கொடுத்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். புதுச்சேரிச் சாயக்காரர்களுக்கு யாரும் செய்யாததை நாம் இப்படியாவது செய்யலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள். வீட்டில் யாரும் உடுத்தாத ஒரு உடையை எடுத்து முழுதாகப் பிரியுங்கள். அதிலிருந்து உடனே பயன்படுகிற ஒரு பொருளைத் தையுங்கள். காய்கறிப் பையாக இருந்தாலும் போதும். மிஞ்சிய துண்டு ஒன்றை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, அந்த உடை யாருடையது, யார் தைத்தது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் வரும்போது அந்தப் பையில் நோட்டைப் போட்டு எடுத்து வாருங்கள். பாடத்தை அங்கிருந்து தொடருவோம்.